கொயில் ஹீட்டர்: திருத்துவதா, தூக்கிப் போடுவதா?

ரத்தோட்டைக்கு மேலே கம்மடுவப் பக்கத்திலும், எல்கடுவ மலைகளிலும் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பீலித் தண்ணியில் கை வைத்தால் விரல் விறைத்துப் போகும். வடகீழ்ப் பருவ மழை விடாமல் பெய்யும்; மூடுபனி பத்து மணி வரைக்கும் லயத்தைவிட்டு விலகாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி அனுப்பிவிட்டுப் பிரட்டுக்கு ஓட வேண்டிய அம்மாவுக்குச் சுடுதண்ணி அவசரம். பிள்ளை பெத்த வீட்டுக்கு அதைவிட அவசரம். முழங்கால் வலிக்காரப் பாட்டிக்கு, இருமல்காரத் தாத்தாவுக்கு எல்லாம் வேண்டும். முன்பு மிலாறு அடுப்பில் ஒரு பெரிய பானை எந்நேரமும் இருக்கும். இப்போது பல காம்பராக்களில் வாளிக்குள் ஒரு கொயில் ஹீட்டர் தொங்குகிறது.

இந்தக் கொயில் ஹீட்டரைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறோம். காரணம் இருக்கிறது. லயத்தில் உள்ள மின்சாரச் சாமான்களில் தண்ணிக்குள் இறங்கி வேலை செய்வது இது ஒன்றுதான். லைட் கெட்டுப்போனால் இருட்டு, ரேடியோ கெட்டுப்போனால் பாட்டு இல்லை, அவ்வளவுதான். ஹீட்டர் கெட்டுப்போனால் சில வேளை அது வெளியே தெரியாது. தண்ணி சூடாகிக் கொண்டேதான் இருக்கும். வாளிக்குள் கை வைக்கும்போதுதான் தெரியும்.

போன குளிர் காலத்தில் ஒரு தோட்டத்து லயக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: “ஐயா, எங்க வீட்டு ஹீட்டரைப் போட்டா ட்ரிப் விழுந்துகிட்டே இருந்துச்சு. தம்பி ட்ரிப்பைக் கழட்டி டைரக்டா குடுத்துட்டான். இப்ப நல்லா வேல செய்யுது. ஆனா வாளியைத் தொட்டா சுரீர்ங்குது. அது பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அந்த அக்கா கேட்டதால் அது அன்றைக்கே கூட்டத்துக்கு வந்தது. கேட்காத வீடுகள் எத்தனையோ. அதனால் ஹீட்டருக்குள் என்ன இருக்கிறது, ட்ரிப் ஏன் விழுகிறது, எதைத் திருத்தலாம், எதைத் திருத்தவே கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கொயிலுக்கு உள்ளே

வெளியே பளபளவென்று சுருண்டிருக்கும் குழாய்தான் சூடாகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தக் குழாய் ஒரு உறை மட்டும்தான். அதற்குள்ளே மெல்லிய ஒரு கம்பி சுருள் சுருளாக ஓடுகிறது. நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பி. கரண்டு போனால் சிவந்து காயும், ஆனால் லேசில் உருகாது. அந்தக் கம்பி வெளிக் குழாயைத் தொட்டால் குழாய் முழுக்கக் கரண்டு வந்துவிடும். தொடாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவே வெள்ளையான ஒரு மாவை இறுக்கி அடைத்திருக்கிறார்கள். மக்னீசியம் ஒக்சைட் என்று அதற்குப் பெயர். சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. நம் உயிர் அந்த மாவின் கையில்தான் இருக்கிறது.

அந்த மாவுக்கு ஒரு எதிரி உண்டு, ஈரம். குழாயில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்தாலும் தண்ணி உள்ளே கசியும். ஈரமான மாவு கரண்டைக் கடத்த ஆரம்பிக்கும். அப்போது உள்ளே உள்ள கம்பி அறுந்திருக்காது. அது பாட்டுக்குச் சூடாகும். ஆனால் கரண்டில் ஒரு பங்கு குழாய்க்கு வந்து, அங்கிருந்து தண்ணிக்கு வந்து, தண்ணியிலிருந்து கை வைப்பவர் உடம்பு வழியாக ஈரத் தரைக்கு இறங்கும். “சுரீர்ங்குது” என்பது அதுதான்.

வெடிப்பு எப்படி விழுகிறது? பெரும்பாலும் நம் அவசரத்தால்தான். சுவிட்சைப் போட்டுவிட்டுப் பிறகு தண்ணிக்குள் வைப்பது, அணைக்காமல் வெளியே எடுப்பது, வாளியில் பாதித் தண்ணியை அள்ளிக்கொண்டு போன பின்னும் ஓட விடுவது. தண்ணிதான் கொயிலைக் குளிர வைத்துக்கொண்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் ஒரு நிமிஷத்துக்குள் குழாய் சிவந்துவிடும். சிவந்ததை மறுபடி பச்சைத் தண்ணியில் போட்டால், காய்ந்த சட்டியில் தண்ணி ஊற்றியது மாதிரி, வெடிக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு காரணம் சுண்ணாம்பு. மலை உச்சியில் ஊற்றுத் தண்ணி குடிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கீழே மாத்தளை டவுன் பக்கம், நாலந்தைப் பக்கம் கிணற்றுத் தண்ணி பாவிக்கிறவர்கள் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணின் புளிப்பைக் குறைக்க மலையில் போடுகிற டொலமைட் தூள் இருக்கிறதே, அதற்கு இது நெருங்கிய சொந்தம். அந்தப் படிவு கொயிலுக்கு மேல் தடித்தால் சூடு தண்ணிக்குப் போகாமல் உள்ளேயே நிற்கும். தண்ணி சூடாக நேரம் எடுக்கும், பில் ஏறும், கடைசியில் குழாய் வெடிக்கும். மாதம் ஒரு தடவை, பிளக்கைக் கழற்றி, கொயில் ஆறிய பின், தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ கலந்த தண்ணியில் சுருள் பகுதியை மட்டும் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் படிவு இளகும். பிறகு துணியால் துடைத்தால் போதும். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

ட்ரிப் சொல்வது என்ன?

மெயின் போர்டில் இரண்டு வகைச் சுவிட்ச் இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் பல குழப்பத்துக்குக் காரணம். சின்னதாக வரிசையாக இருப்பவை பிரேக்கர். வயர் தாங்காத அளவுக்குக் கரண்டு போனால் அவை விழும். வயரையும் வீட்டையும் காப்பதுதான் அவற்றின் வேலை, மனிதரைக் காப்பதல்ல. 20 அம்பியர் பிரேக்கர் ஒரு ஆள் கரண்டில் பிடிபட்டுக் கிடப்பதை அறியவே அறியாது. ஏனென்றால் மனித உடம்பு வழியாகப் போவது ஒரு அம்பியரில் ஒரு சிறு பங்குதான். ஆனால் ஒரு அம்பியரில் பத்தில் ஒரு பங்கு, ஏன் அதில் பாதிகூட, நெஞ்சின் துடிப்பைக் குழப்பி நிறுத்தப் போதும்.

மற்றது ட்ரிப் சுவிட்ச். அகலமாக, ஒரு சின்னப் பட்டனோடு இருக்கும். அது கணக்குப் பார்க்கிற சுவிட்ச். மலையில் நிறுத்த கொழுந்தும் பெக்டரியில் நிறுத்த கொழுந்தும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, வீட்டுக்குள் போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு கணமும் நிறுத்துப் பார்க்கிறது. (கொழுந்தில் கழிவு போவது வேறு கதை, அதை இங்கே எழுத இடமில்லை.) போனது ஒன்று, வந்தது அதைவிடக் குறைவு என்றால், இடையில் எங்கேயோ கரண்டு தரைக்கு இறங்குகிறது என்று அர்த்தம். அது ஈரச் சுவராக இருக்கலாம், வெடித்த கொயிலாக இருக்கலாம், உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். 30 மில்லி அம்பியர் குறைந்தாலே, கண் மூடித் திறப்பதற்குள் அது வெட்டிவிடும். ஆயிரம் வாட்ஸ் ஹீட்டர் எடுக்கும் கரண்டு 4300 மில்லி அம்பியருக்குக் கிட்ட. அதில் வெறும் முப்பது காணாமல் போவதைக் கண்டுபிடிக்கிறது.

ஆகவே ஹீட்டரைப் போட்டால் ட்ரிப் விழுகிறது என்றால் ட்ரிப்பில் பிழை என்று நினைக்காதீர்கள். ஹீட்டரைக் கழற்றிவிட்டு மற்ற எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். ட்ரிப் நிற்கிறதா? அப்படியானால் குற்றவாளி ஹீட்டர்தான். கையோடு பிடித்துக் கொடுத்துவிட்டது. அதற்குச் சம்பளமாக நாம் ட்ரிப்பைக் கழற்றி எறிகிறோம்!

போர்டைப் பார்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ட்ரிப்பின் முகத்தில் 30 எம்.ஏ. அல்லது 0.03 ஏ. என்று ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். சில பழைய போர்டுகளில் 100 என்று இருக்கும். அது வயர் கசிவால் வரும் நெருப்புக்கு உதவுமே தவிர, ஆளைக் காப்பாற்ற நம்ப முடியாது. மாதம் ஒரு முறை அந்தச் சின்னப் பட்டனை அமுக்கிப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் ட்ரிப் இல்லாத வீடு என்றே எண்ணிக்கொண்டு, எலக்ட்ரிசியனைக் கூப்பிடும் வரை ஹீட்டரைத் தொடாதீர்கள்.

ட்ரிப் இருந்தாலும் அது எல்லாவற்றிலும் காப்பாற்றாது. பிளேட் ஹீட்டர் என்று ஒன்று இருக்கிறது. கொழும்பில் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற நம் பையன்கள் போர்டிங்குகளில் பழகி வந்து லயத்திலும் செய்கிறார்கள். இரண்டு சவர பிளேட்டை அல்லது இரண்டு கரண்டியை நடுவில் மரத் துண்டு வைத்துக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வயரைச் சுற்றித் தண்ணிக்குள் விடுவது. இதில் உறையும் இல்லை, மாவும் இல்லை. கரண்டு நேராகத் தண்ணிக்குள்ளேயே ஓடுகிறது, தண்ணியே கம்பி. பிளாஸ்டிக் வாளிக்குள் இருக்கும் வரை போன கரண்டு அப்படியே திரும்பி வருவதால் ட்ரிப்புக்கும் ஒன்றும் தெரியாது. அந்த வாளிக்குள் கை விட்டவர் ஒரு பிளேட்டுக்கும் மற்ற பிளேட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அப்போதும் தெரியாமல் போகலாம். சீக்கிரம் கொதிக்கட்டும் என்று உப்பு வேறு போடுகிறார்கள். இதைப் பற்றி இரண்டு பக்கம் பார்க்க ஒன்றுமில்லை. செய்யக் கூடாது, வீட்டில் இருந்தால் இன்றைக்கே பிரித்துப் போட வேண்டும்.

எதைத் திருத்தலாம்?

கொயில் ஹீட்டரில் மூன்று பாகம்: பிளக், கோட் வயர், கொயில். முதல் இரண்டையும் மாற்றலாம். கொயிலைத் திருத்த முடியாது. வெடிப்பை ஒட்டுகிற பசை, ஈயப் பத்து, சுற்றுகிற டேப் எதுவும் அந்தச் சூட்டுக்கு நிற்காது. டவுனில் சில கடைகளில் “பத்து வச்சுத் தாறோம்” என்று வாங்கிக்கொள்வார்கள். அந்தக் காசை மிச்சம் பிடித்துப் புதியது வாங்குங்கள்.

கொயில் நல்லதா கெட்டதா என்று பார்க்கக் கண்ணே பெரும்பாலும் போதும். கறுத்த பொட்டு, வீங்கிய இடம், மயிரிழைக் கோடு, குழாயும் பிடியும் சேரும் இடத்தில் துரு, இதில் ஒன்று இருந்தாலும் அது முடிந்த ஹீட்டர். மீற்றர் வைத்திருக்கும் பிள்ளைகள் லயத்தில் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். பிளக்கைக் கழற்றி, பிளக்கின் இரண்டு கரண்டுப் பின்களுக்கு நடுவே ஓம் பார்த்தால் 1000 வாட்ஸ் ஹீட்டருக்கு ஏறக்குறைய 53, 1500 வாட்ஸுக்கு 35 காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, அல்லது கோட் அறுந்திருக்கிறது. அடுத்து, ஒரு கரண்டுப் பின்னுக்கும் குழாய்க்கும் நடுவே பார்க்க வேண்டும். அங்கே மீற்றர் அசையவே கூடாது. கொஞ்சம் அசைந்தாலும் ஹீட்டரைத் தள்ளிவிடுங்கள். அசையாவிட்டாலும் முழு நம்பிக்கை வைக்க வேண்டாம். சின்ன மீற்றர் சின்ன பேட்டரியால் பார்க்கிறது. 230 வோல்ட்டில் கசிவது அதற்குப் பிடிபடாமல் போகலாம். எலக்ட்ரிசியன்மாரிடம் 500 வோல்ட்டில் பார்க்கும் கருவி உண்டு.

பிளக் மாற்றுவது வீட்டு வேலைதான், ஆனால் சரியாகச் செய்ய வேண்டும். முன்பு உருண்டைப் பின் பிளக்குகள் 5 அம்பியர், 15 அம்பியர் என்று இருந்தன. 2016இல் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சதுரப் பின் உள்ள 13 அம்பியர் பிளக்கை நாடு முழுவதற்கும் பொது அளவாக ஆக்கியது. 2018இல் மற்ற வகைகளை விற்பது தடை செய்யப்பட்டது. ஆனால் லயத்துச் சுவர்களில் பழைய 5 அம்பியர் சொக்கெட் இன்னும் நிறைய இருக்கிறது. 5 அம்பியர் தாங்குவது 1150 வாட்ஸ் மட்டும். 1500 வாட்ஸ் ஹீட்டரை மாற்றுப் பிளக் போட்டு அதில் குத்தினால் முதலில் பிளக் சுடும், பிறகு பழுப்பாகும், பிறகு உருகும். லயம் என்பது ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு மற்ற காம்பராக்களுக்கும் போக அதிக நேரம் எடுக்காது. பிளக்கைத் தொட்டுப் பார்த்து, கை வைக்க முடியாத சூடு என்றால், அந்த வேளையே நிறுத்துங்கள்.

கோட் வயரில் மூன்று நிறம் இருக்கும். பழுப்பு கரண்டு, நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது ஏர்த். பழைய வயர் என்றால் சிவப்பு, கறுப்பு, பச்சை. பிளக்கின் பெரிய பின் ஏர்த்துக்கு. “ரெண்டு வயர்ல வேல செய்யுதே, மூணாவது எதுக்கு?” என்று அதை வெட்டிவிட்டு இரண்டு வயரில் கொடுப்பவர்கள் உண்டு. மூன்றாவது வயர்தான் கசியும் கரண்டை நம் உடம்புக்குப் பதிலாகத் தரைக்குக் கொண்டுபோகிறது. ட்ரிப் உடனே விழுவதும் அதனால்தான். 13 அம்பியர் பிளக்குக்குள் ஒரு சின்ன பியூஸ் இருக்கிறது. அது எரிந்தால் அதே அளவு பியூஸ் போடுங்கள். சிகரட் பெட்டித் தாளைச் சுருட்டி வைப்பது பியூஸ் ஆகாது.

வீட்டு வயரிங்கையும், ட்ரிப்பையும், ஏர்த் கம்பியையும் நாமாகத் தொட வேண்டாம். அதற்கு என்.வி.கியூ. சான்றிதழ் எடுத்த எலக்ட்ரிசியன்மார் இருக்கிறார்கள். வருகிறவரிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கமில்லை. பக்கத்துக் காம்பராவிலிருந்து மெல்லிய வயரில் கரண்டு இழுத்திருப்பவர்கள் அதில் லைட்டு மட்டும் எரிப்பதோடு நிற்க வேண்டும். ஹீட்டர், கேத்தல், அயன் எதுவும் அதில் கூடாது. தகரக் கூரைக்கும் மரச் சட்டத்துக்கும் நடுவே அந்த வயர் நசிந்து கிடந்தால் கூரையே ஒரு நாள் கரண்டாகும்.

வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் ஹீட்டர் அனுப்புவதும் உண்டு. பெட்டியைத் திறந்ததும் பின்பக்கத்தில் ஒட்டியுள்ள சின்னத் தகட்டை வாசியுங்கள். 220, 230 அல்லது 240 வோல்ட் என்று இருந்தால் நம் நாட்டுக்குச் சரி. 110, 120 என்று மட்டும் இருந்தால் இங்கே போட்டவுடன் நான்கு மடங்கு சூட்டில் எரிந்துவிடும்.

ஷவர் ஹீட்டர் வைத்தவர்களுக்கு

லயத்தைவிட்டுத் தனி வீட்டுக்குப் போனவர்கள் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குளியலறையில் ஷவர் ஹீட்டர் வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். கீசர் என்றும் சொல்கிறோம். ஐஸ்லாந்து என்ற நாட்டில் நிலத்திலிருந்து பீறிடும் ஒரு வெந்நீரூற்றின் பெயர் அது. நமக்குத் திருகோணமலைக் கன்னியாவில் ஏழு கிணறு இருக்கிறது. ஆங்கிலேயன் முதலில் கன்னியாவைப் பார்த்திருந்தால் இன்றைக்கு எல்லோரும் “கன்னியா வாங்கினேன்” என்று சொல்லியிருப்பார்களோ என்னவோ.

உடனடியாகச் சூடாக்கும் ஷவர் ஹீட்டர் பெரும்பாலும் 3500 வாட்ஸ். அது 15 அம்பியருக்கு மேல் எடுக்கும். 13 அம்பியர் சுவர்ப் பிளக்கில் குத்தி ஓட்டுகிற சாமான் அல்ல. மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். அந்த வயர் 7/0.67க்குக் குறையக் கூடாது, 7/0.85 இன்னும் நல்லது. லைட்டுக்கு இழுக்கிற 1/1.13 வயரில் கொடுத்தால் சுவருக்குள்ளேயே வெந்துபோகும்.

“சூடு வரல்ல” என்று முறைப்பாடு வந்தால் உடனே புதியது வாங்கப் போகாதீர்கள். தோட்டத்துத் தண்ணி மலை ஊற்றிலிருந்து குழாயில் இறங்குகிறது. மழைக்குப் பிறகு மணலும் இலைத் தூளும் வரும். ஹீட்டருக்குத் தண்ணி நுழையும் இடத்தில் சின்ன வலை ஒன்று உண்டு. அது அடைத்தால் தண்ணி மெதுவாக வரும்; தண்ணி போதாவிட்டால் ஹீட்டர் தானாகவே சூடாக்காமல் நிற்கும், அது அதன் பாதுகாப்பு. மெயினை அணைத்து, தண்ணியை அடைத்து, வலையைக் கழுவிப் போட்டாலே பாதி ஹீட்டர்களுக்கு உயிர் வந்துவிடும். தண்ணித் தாங்கி உயரம் போதாத வீடுகளிலும் இதே கதைதான். அங்கே ஹீட்டரை மாற்றிப் பயனில்லை, தாங்கியை உயர்த்த வேண்டும்.

தண்ணியைச் சேர்த்து வைத்துச் சூடாக்கும் தொட்டி வகையில் ஒரு சிறு வால்வு இருக்கும். சூடாகும்போது தண்ணி பெருகும், அதனால் அந்த வால்வில் சொட்டுச் சொட்டாக விழும். அது ஒழுக்கு இல்லை. “ஒழுகுது” என்று அதற்கு மூடி போட்டு அடைத்தால் தொட்டி குண்டாகிவிடும். ஆனால் தொட்டியின் உடம்பிலிருந்தே துருத் தண்ணி கசிந்தால் அதற்கு வைத்தியம் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

பில் எவ்வளவு ஏறும்?

ஒரு யூனிட் கரண்டில் ஏறக்குறைய 43 லீற்றர் தண்ணியை 20 பாகை சூடாக்கலாம். பீலித் தண்ணியைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர அந்த 20 பாகை தேவை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 15 லீற்றர் என்றால் ஒரு நாளைக்கு 75 லீற்றர். ஒன்றே முக்கால் யூனிட். மாதம் 52 யூனிட், சுடுதண்ணிக்கு மட்டும். நம் நாட்டில் வீட்டுக் கட்டணம் 30, 60 என்று கட்டம் கட்டமாக ஏறுவது உங்களுக்குத் தெரியும். இருபது, முப்பது யூனிட்டில் இருந்த வீடு ஹீட்டர் வாங்கின மாதமே மேல் கட்டத்துக்குப் போவது இதனால்தான். மீற்றர் ஓடுது, மீற்றரில் பிழை என்று கந்தோருக்குப் போவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

500 வாட்ஸ் ஹீட்டர் வாங்கினால் பில் குறையும் என்று நினைப்பதும் சரியில்லை. அதே தண்ணிக்கு அதே யூனிட்தான், நேரம்தான் கூடும். 1000 வாட்ஸில் ஒரு வாளி 15 லீற்றர் சூடாக இருபது நிமிஷத்துக்கு மேல் எடுக்கும், 500இல் நாற்பதுக்கு மேல். ஆனால் பழைய வயரிங் உள்ள காம்பராவுக்குக் குறைந்த வாட்ஸ்தான் நல்லது.

எங்கள் யோசனையைக் கேட்டால், லயத்துக் காம்பராவுக்குக் கொயிலைவிடக் கேத்தல் மேல். அதில் சூடாக்கும் கம்பி தட்டுக்கு அடியில் மூடியிருக்கிறது. கொதித்ததும் தானாக அணையும். 1.7 லீற்றர் கேத்தலில் இரண்டு தடவை கொதிக்க வைத்து வாளித் தண்ணியோடு கலந்தால் 13, 14 லீற்றர் குளிக்கிற தண்ணி வந்துவிடும். யூனிட்டும் ஏறக்குறைய கொயிலுக்கு ஆகிற அதே அளவுதான். வாளியில் பச்சைத் தண்ணியை முதலில் ஊற்றுங்கள், பிறகு கொதித்ததை. மாற்றிச் செய்தால், வெறும் சுடுதண்ணி இருக்கிற வாளிக்குள் பிள்ளை கையை விட்டுவிடும். கைக்குழந்தை என்றால் முழங்கையை விட்டுப் பாருங்கள். சூடென்றும் குளிரென்றும் தெரியாமல் இருக்க வேண்டும்.

விறகு கிடைக்கிற வீடுகளில் அடுப்பையும் விட்டுவிடத் தேவையில்லை. இரண்டு வாய் உள்ள அனகி மண் அடுப்பில் முன் வாயில் சோறு வேகும்போது பின் வாயில் தண்ணி சும்மா சுடும். கவ்வாத்து நடந்த மலையில் மிலாறு கிடைக்கும்போது காய வைத்து அடுக்கிக்கொள்ளுங்கள். ஈர மிலாறு புகைதான் தரும். அது பிள்ளைகளின் நெஞ்சுக்கு ஆகாது. வெயில் அடிக்கும் மாதங்களில் கறுப்பு பிளாஸ்டிக் கேன்களில் தண்ணி நிரப்பிக் காலையிலேயே வெயிலில் வைத்தால், மலையிலிருந்து வந்து குளிக்கும் நேரத்துக்கு வெதுவெதுப்பாக இருக்கும். பில்லும் இல்லை, புகையும் இல்லை.

அப்படியும் கொயில்தான் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் வாளியில், வாளி வாயின் குறுக்கே ஒரு காய்ந்த மரக் கட்டையில் தொங்கவிட்டு, கொயில் வாளியில் படாமல் வையுங்கள். இரும்பு வாளி, அலுமினியப் பானை வேண்டாம். தரையில் விளையாடும் பிள்ளை உள்ள வீட்டில் இஸ்தோப்பில் வைக்காதீர்கள். சூடு பார்க்கும் முன் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையும் கழற்ற வேண்டும். சில வீடுகளில் வயரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். சுவிட்சை அணைத்தாலும் ஹீட்டரில் கரண்டு நிற்கும்.

யாராவது கரண்டில் பிடிபட்டால் ஓடிப்போய் ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். மெயின் தூரமென்றால் காய்ந்த கம்பால், காய்ந்த பலகையில் நின்றுகொண்டு வயரைத் தள்ளுங்கள். பிறகு 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. மூச்சில்லாவிட்டால் அம்புலன்ஸ் வரும் வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு நூறுக்கு மேல் விட்டு விட்டு அழுத்த வேண்டும். செய்யும் முறையைத் தோட்ட டிஸ்பென்சரியில் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். சுடுதண்ணி பட்ட காயத்துக்குப் பீலித் தண்ணியை இருபது நிமிஷம் ஓடவிடுவதுதான் முதல் மருந்து. பற்பசை, தேங்காய் எண்ணெய், மை எதுவும் பூசக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குக் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கழித்துவிட்ட பழைய கொயிலைக் குப்பையில் போடும்போது கோட் வயரை அடியோடு கத்தரித்துவிட்டுப் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துப்போய் “நல்லாத்தானே இருக்கு” என்று அடுத்த லயத்தில் மாட்டிவிடுவார்கள். வெட்டிய வயர் நல்லதாக இருந்தாலும் அதை வேறு சாமானுக்கு ஒட்டாமல், குழாயோடு சேர்த்துப் பழைய இரும்பு எடுக்க வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.